பாஞ்சாவின் கை எழவில்லை

ஆற்றின் நடுவே சரளைத் திட்டில் நின்றபோதுதான் பாஞ்சாவின் கை பாதியில் நின்றது. வாளி நிறையக் கல் இருந்தது. லீவரை இழுத்துப் பிடித்தேன். கை ஒரு சாண் ஏறி, நடுங்கி, அதற்குமேல் வராமல் மெல்ல இறங்கியது. என் காலுக்கடியில் எங்கோ ஒரு கீச்சொலி கிளம்பி, எஞ்சினின் இரைச்சலையும் மீறிக் கேட்டது.

பாஞ்சா எங்கள் ஊர்ச் சங்கத்தின் பொக்லைன். முன்னால் அகலமான வாளி, பின்னால் நுனியில் சிறு வாளியோடு நீண்ட கை, வெயிலில் வெளுத்த மஞ்சள் நிறம். ஓட்டுவது நான். அன்று நாங்கள் செய்துகொண்டிருந்த வேலை தள்ளிப்போடக் கூடியதல்ல. கார்னிவல் மழையில் ஆறு தன் பழைய தடத்தை விட்டுவிட்டு இடக்கரைப் பக்கம் திரும்பி, தோன் செனோனின் பீச் தோட்டத்தைத் தின்னத் தொடங்கியிருந்தது. கரையோர மரங்கள் இரண்டு வரிசை ஏற்கெனவே போய்விட்டன. மிச்ச மரங்களில் பழம் சிவந்து தொங்கியது. சரளைத் திட்டின் குறுக்காகக் கால்வாய் வெட்டிவிட்டால் ஆறு பழைய தடத்துக்குப் போகும். வெட்டுவதற்குள் அடுத்த வெள்ளம் வந்தால் தோட்டம் போகும். மலைக்குமேல் காலையிலிருந்தே மேகம் கறுத்துக் கிடந்தது.

தோன் செனோன் என் மகளுக்கு ஞானத்தகப்பன். அதனால் அவர் என்னைக் கொமாத்ரே என்பார், நான் அவரைக் கொம்பாத்ரே என்பேன். பாஞ்சாவுக்கும் அவரே ஞானத்தகப்பன். சங்கம் அவளை வாங்கி வந்த அன்று ரிப்பன் கட்டி, தன் தாயின் பெயரையே வைத்தவர். கார்னிவல் செவ்வாயன்று வண்டிக்கும் வீட்டுக்கும் சல்லா எனும் பூசை செய்கிறபோது, பாஞ்சாவின் டயரில் முதல் கிண்ணம் சோளக் கள்ளை, எங்கள் சிச்சாவை, வார்க்கும் உரிமையும் அவருக்குத்தான். இந்த வருடமும் அப்படித்தான் நடந்தது. டயருக்கு வார்த்து, வாளியில் கார்னேஷன் பூ வைத்து, வண்ணக் காகிதப் பொட்டுகளை அவள் தலைமேல் தூவி, ஊரே சுற்றி ஆடினோம்.

"என்ன கொமாத்ரே, நின்னுட்டீங்க?" என்று கரையிலிருந்து கத்தினார்.

"நான் நிக்கல கொம்பாத்ரே. இவ நின்னுட்டா."

"கோவமா இருப்பா. நேத்து ஒரு வார்த்தை சொல்லாம எஞ்சினை அணைச்சுட்டுப் போனீங்கல்ல?"

கரையில் கல் சுமந்துகொண்டிருந்த தோன்யா லியோக்கா கல்லைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். எங்கள் ஊரில் சிச்சா காய்ச்சி விற்பவள் அவள்தான். நாக்கும் சிச்சா மாதிரியே புளிக்கும். "உங்கம்மா பேரை வெச்சா உங்கம்மா மாதிரிதானே இருக்கும், தோன் செனோன்? அந்தம்மாவும் மத்தியானத்துக்கு மேல ஒரு துரும்பைத் தூக்க மாட்டாங்களே!"

வாளியைக் கொட்டிவிட்டு, வேகத்தைக் குறைத்து, பாஞ்சாவைக் கரைக்கு ஓட்டினேன். ஸ்டியரிங் கல்லாகக் கனத்தது. அதுவே எனக்கு முதல் செய்தி. ஸ்டியரிங்குக்கும் கைக்கும் பலம் கொடுப்பது ஒரே ஹைட்ராலிக் ஆயில், ஒரே பம்ப்.

மேட்டில் நிறுத்தி ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தேன். முன் வாளி சோம்பலாக ஏறியது. வண்டியை ஊன்றி நிறுத்தும் பக்கத்துக் கால்கள் சோம்பலாக இறங்கின. பின் கை பாதி வரை வந்து நின்றது. ஒன்று மட்டும் தளர்ந்திருந்தால் அதன் சிலிண்டரையோ ஹோஸையோ சந்தேகிக்கலாம். எல்லாம் ஒன்றாகத் தளர்ந்தால் எல்லாவற்றுக்கும் பொதுவான இடத்தில்தான் கோளாறு. ஆயில் தொட்டி, ஃபில்டர், பம்ப், அழுத்தத்தைக் காக்கும் வால்வு. அதற்கு வெளியே தேடுவது வீண்.

வாளியையும் கையையும் தரையில் ஊன்றி எஞ்சினை அணைத்தேன். ஹோஸ்களைச் சுற்றிப் பார்த்தேன். எங்கும் கசிவில்லை. அளவுக் கண்ணாடியில் ஆயில் சரியாகவே நின்றது. கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது, அவ்வளவுதான். தொட்டியின் மூடியைத் திறந்து குனிந்தேன். புளித்த வாடை அடித்தது. தோன் செனோன் என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். வாடை அவரிடமிருந்து என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"ஒரு கிண்ணம் வார்த்து சமாதானம் சொல்லிப் பாப்போமா கொமாத்ரே?"

"மொதல்ல ஃபில்டரை மாத்திப் பாப்போம்."

கேபினில் புது ஃபில்டர் ஒன்று இருந்தது. பழையதைக் கழற்றினேன். பார்க்க மோசமாக இல்லை. இருந்தாலும் மாற்றினேன். எஞ்சினைப் போட்டு லீவரை இழுத்ததும் கை சர்ரென்று மேலே போயிற்று! கரையில் எல்லோரும் கைதட்டினார்கள். தோன் செனோன் தொப்பியைக் கழற்றி ஆட்டினார். நானும் சிரித்துக்கொண்டே ஆற்றுக்குள் இறங்கினேன்.

கால்வாய் நாலைந்து வாளி ஆழம் போவதற்குள் கீச்சொலி திரும்ப வந்தது. கை மறுபடி தொங்கிற்று.

பாஞ்சாவைக் கரையேற்றினேன். எங்கள் கண் முன்னாலேயே கரையின் ஒரு துண்டு பிளந்து, ஒரு பீச் மரம் பழத்தோடு சாய்ந்தது. தோன் செனோன் அந்தப் பக்கம் பார்க்காமல் பாஞ்சாவின் டயரையே பார்த்துக்கொண்டிருந்தார். பழம் போனால் ஒரு வருட வருமானம் போகும். மரம் போனால் மண்ணும் சேர்ந்து போகும். புது மரம் வைக்க இடமிருக்காது, வைத்தாலும் அது காய்க்கும்வரை காத்திருக்கிற வயதும் அவருக்கில்லை.

எனக்கோ வேறு ஒரு கேள்வி. ஃபில்டரை மாற்றியதால் அவள் சரியானாளா, அல்லது மாற்றும்போது சும்மா நின்றதால் சரியானாளா? ஒரே நேரத்தில் இரண்டைச் செய்துவிட்டு ஒன்றுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். எஞ்சினை அணைத்து, எதையும் தொடாமல், எல்லோரோடும் உட்கார்ந்து அவித்த சோளமும் பாலாடைக் கட்டியும் தின்றேன். தோன் செனோனுக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை.

"சாப்பிடுற நேரமா இது?" என்றார்.

"சாப்பிடல கொம்பாத்ரே. சோதனை பண்ணிக்கிட்டிருக்கேன்."

"நானும் தினம் நாலு வேளை சோதனை பண்றேன்" என்றாள் லியோக்கா, சோளத்தை மென்றபடி. "யாரும் என்னை மெக்கானிக்னு சொல்றதில்ல."

எழுந்து எஞ்சினைப் போட்டேன். தொட்டி இன்னும் கை வைக்க முடியாத சூட்டில் இருந்தது. ஆனால் கை புதிது போல் ஏறியது. மேட்டிலேயே நின்று வெறும் வாளியோடு கையை ஏற்றி இறக்கினேன். கொஞ்ச நேரத்தில் கீச்சொலி, நடுக்கம், தளர்ச்சி. ஆக, ஃபில்டர் இல்லை. ஓய்வுதான்.

சிக்னல் கிடைக்கிற பாறைமேல் ஏறி, நகரத்திலிருந்த மெக்கானிக், மேஸ்திரி இலாரியோனைக் கூப்பிட்டேன். பாஞ்சாவின் பெரிய வேலைகளெல்லாம் அவர் கையால் நடப்பவை. வழக்கமாக மோட்டார் சைக்கிளில் வந்துவிடுவார். இப்போது நடுவில் சாலையே இல்லை, மலை சரிந்து மூடிக் கிடந்தது.

"கத்துதுன்னா பம்ப் போச்சு தோமசா" என்றார். "புதுசு ஒண்ணுக்குச் சொல்லி வெக்கிறேன். ரோடு திறந்ததும் எடுத்துக்கிட்டு வர்றேன். அடுத்த வாரம்..."

"அடுத்த வாரம் தோட்டம் இருக்காது மேஸ்திரி. ஒண்ணு கேக்குறேன். பம்ப் தேஞ்சிருந்தா சூட்டுல தளரும், ஆறினா தேறும், இல்லையா? இவ ஆறவே இல்ல. கொதிச்சுக்கிட்டு இருக்கும்போதே, சும்மா கொஞ்ச நேரம் நிறுத்திட்டுப் போட்டா நல்லா தூக்குறா. அப்புறம் மறுபடி கத்துறா."

மேஸ்திரி பம்ப் பேச்சை விட்டார்.

"ஆயில்ல நுரை இருக்கா?"

"இல்ல. கொஞ்சம் மங்கலா இருக்கு. நுரை இல்ல."

"அப்ப காத்து இழுக்கல. தாகத்துல கத்துறா." அவர் குரலில் வேகம் வந்தது. "தொட்டிக்குள்ள, பம்புக்குப் போற வாயில ஒரு சல்லடை இருக்கு. இழுக்கும்போது ஏதோ அதுல போய் ஒட்டிக்குது, நிறுத்தினா உதிருது. ஆனா தொட்டியை முழுசா வடிக்காம அதைப் பாக்க முடியாது. வடிக்கிற பாத்திரம் சுத்தமா இருக்கணும். பஞ்சுத் துணி உள்ள போகக் கூடாது, நூல் விடும். அதுவரைக்கும் அவளை ஓட்டாத. வெறும் வாயோட சுத்தினா பம்ப் நெசமாவே செத்துரும்."

இறங்கி வந்து சொன்னேன். சுத்தமான, பெரிய பாத்திரம். எல்லோருடைய கண்ணும் லியோக்கா பக்கம் திரும்பியது. ஊரில் அப்படிப்பட்ட பீப்பாய் அவளிடம் மட்டும்தான் இருந்தது. கார்னிவல் சிச்சா தீர்ந்து, ஈஸ்டருக்காகக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

"என் பீப்பாயிலயா? அந்த ஆயிலா?" இடுப்பில் கை வைத்தாள். "ஈஸ்டருக்கு வர்றவன் என்ன சொல்வான்? 'லியோக்கா கடையில ரெண்டு கிண்ணம் குடிச்சேன், அதுலேர்ந்து என் கை தானா மேல போகுது, இறங்கவே மாட்டேங்குது'ம்பான்!"

"தோன்யா லியோக்கா..." என்று தொடங்கினார் தோன் செனோன். தோட்டத்துப் பக்கம் கையை நீட்டினார். அவ்வளவுதான்.

அவள் அந்தப் பக்கம் பார்த்தாள். சாய்ந்த மரத்தின் வேர் தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது. மேட்டில் ஏறிப்போனாள். திரும்பியபோது இரண்டு பீப்பாய்களை உருட்டிக்கொண்டு வந்தாள்.

"இன்னும் ஒண்ணு வேணும்" என்றேன். "வடிச்ச ஆயிலைத் திரும்ப ஊத்தும்போது வடிகட்டணும். நூல் விடாத துணி. நைலான். நல்லா நெருக்கமா நெய்ஞ்சது."

மறுபடி எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

"ஏன், எதுக்கு எல்லாரும் என் பாவாடையையே பாக்குறீங்க?"

"மேல கட்டுறது இல்ல" என்றார் தோன் செனோன் தயங்கித் தயங்கி. "உள்ள கட்டுறது. கார்னிவலுக்கு ஆடினீங்களே, அந்த வெள்ளை..."

"அதை எப்ப பாத்தீங்க நீங்க?"

"நீங்க சுத்தினப்ப ஊரே பாத்துச்சு."

கூட்டம் சிரித்தது. அவளும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். உள்பாவாடையும் வந்தது, மாவு போல வெளுத்து, ஓரத்தில் லேஸ் வைத்து.

தொட்டியின் அடியில் பீப்பாயை வைத்து வடிகுழாயைத் திறந்தேன். ஆயில் சூடாக, சோம்பலாக இறங்கியது. வெளிச்சத்தில் பார்த்தபோது மங்கல் நன்றாகத் தெரிந்தது. கஞ்சி கலந்த மாதிரி. அந்தப் புளித்த வாடை மறுபடி வந்தது. இந்தத் தடவை தோன் செனோன் தூரத்தில் நின்றுகொண்டிருந்தார்.

தொட்டியின் பக்கத்து மூடியைச் சுற்றியிருந்த மண்ணைத் துடைத்துவிட்டு போல்ட்டுகளைக் கழற்றினேன். முழங்கை வரை உள்ளே விட்டுத் துழாவி, சல்லடையை மரை திருகி எடுத்தேன். எடுத்ததை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெயிலுக்கு வந்தேன்.

ரோஜா நிறம், பச்சை, மஞ்சள், நீலம். ஊறிப்போன சின்னச் சின்னக் காகிதப் பொட்டுகள், சல்லடை முழுக்க மீன் செதில் போல அப்பிக் கிடந்தன. நடுநடுவே கறுத்துச் சுருங்கிய பூவிதழ்கள்.

கார்னிவல் செவ்வாயில் தூவிய பொட்டு எது என்று எங்கள் ஊரில் யாருக்குத் தெரியாது?

தோன் செனோன்தான் முதலில் வாய் திறந்தார். "அது... அது எப்படி..."

"நீங்க சொல்லுங்க கொம்பாத்ரே."

தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக் கசக்கினார். "டயருக்கு எல்லாரும் ஊத்தினீங்க. வாளிக்கு ஊத்தினீங்க. அவளுக்குன்னு உள்ளுக்குள்ள ஒரு வாய் யாருமே கொடுக்கல. நான் ஞானத்தகப்பன். நாள் முழுக்க நம்ம கல்லைத் தூக்குறவ, அவளை மட்டும் வெளிய நனைச்சுட்டு நாம குடிக்கிறோமேன்னு இருந்துச்சு. கிண்ணத்துல பூவும் பொட்டும் விழுந்து கிடந்துச்சு. அது நல்லதுதானேன்னு அப்படியே ஊத்திட்டேன்."

"இந்த மூடியையா பாத்துத் திறந்தீங்க?"

"டீசல் மூடிக்குப் பூட்டு இருந்துச்சு. இதுக்கு இல்ல."

உண்மைதான். அந்த மூடியில் பூட்டு மாட்ட ஓட்டை உண்டு, பூட்டு கிடையாது. மூடிக்குக் கீழே இருக்க வேண்டிய கம்பிவலைக் கூடையையும் பழைய ஓட்டுநர் யாரோ, ஊற்ற வசதியாக இருக்கட்டும் என்று கழற்றி எறிந்திருந்தார். அன்பாக ஊற்றியது அத்தனையும் தடையில்லாமல் உள்ளே போயிருந்தது.

"நல்லா வளர்த்தீங்க பிள்ளையை!" என்றாள் லியோக்கா. "ஞானஸ்நானம் பண்ணி, நெஞ்சுல காகிதத்தை அடைச்சு..."

தோன் செனோன் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். "என் மரத்தை ஆறு கொல்லல" என்றார். "நான்தான்." லியோக்கா மீதியை விழுங்கிக்கொண்டாள்.

எனக்குக் கோபம் வந்ததென்னவோ நிஜம். ஆனால் மலைப்பக்கம் முதல் இடி உருண்டது. கோபப்பட அப்புறம் நேரம் கிடைக்கும்.

"இன்னும் எதுவும் சாகல. எந்திரிங்க கொம்பாத்ரே. இந்தப் பாவாடையோட இந்த முனையைப் பிடிங்க. தளர விடாதீங்க."

எழுந்தார். பிடித்தார்.

சல்லடையை டீசலில் அலசினேன். ஒரு பொட்டு விடாமல் நகத்தால் கிள்ளி எடுத்தேன். மறுபடி தொட்டிக்குள் கையை விட்டு மூலை முடுக்கெல்லாம் தடவி, அடியில் கிடந்த கூழை வழித்தேன். அதற்குள் பீப்பாயில் ஆயில் தெளிந்திருந்தது. தண்ணீர் கலந்த வெண்மை கீழே தங்கியிருந்தது. மேலாக இருந்ததை மட்டும் மொண்டு, பாவாடை வழியாக இரண்டாவது பீப்பாய்க்கு இறக்கினோம். தோன் செனோனும் லியோக்காவும் ஆளுக்கொரு பக்கம் துணியை இழுத்துப் பிடித்தார்கள். லேஸிலிருந்து ஆயில் அவருடைய செருப்பில் சொட்டியது. அவர் அசையவில்லை. அடியில் நின்ற வெள்ளைக் கலங்கலை ஆற்றுக்கு எட்டாத இடத்தில் குழி வெட்டிக் கொட்டினோம்.

ஆயில் குறைந்தது. "அக்கா மகன் டிராக்டருக்கு வாங்கி வெச்சது ஒரு டின் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே தோன் செனோன் ஓடினார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை. டின்னைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். அதே ரக ஆயில்தானா என்று எழுத்தைப் படித்துப் பார்த்தபின், அதையும் பாவாடை வழியாகவே ஊற்றினேன்.

எல்லாவற்றையும் பூட்டி இறுக்கியாயிற்று. பம்பிலிருந்து வெளியேறும் இணைப்பை ஒரு சுற்று மட்டும் தளர்த்தி எஞ்சினை மெதுவாகப் போட்டேன். முதலில் புஸ்ஸென்று காற்று, பிறகு நுரை, பிறகு சுத்தமான ஆயில். இறுக்கினேன். வேகம் கூட்டாமல் ஒவ்வொரு லீவராகத் தொட்டேன். பாஞ்சா இருமினாள், ஒரு முறை கீச்சிட்டாள், அடங்கினாள். கை எழுந்தது. முழுசாக எழுந்து வானத்தைத் தொட்டு நின்றது. அப்படியே வைத்து இரைச்சலைக் கேட்டேன். எஞ்சின் சத்தம் மட்டும்தான்.

இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை. "போ" என்றாள் லியோக்கா.

ஆற்றுக்குள் இறங்கும்போதே தண்ணீரின் நிறம் மாறியிருந்தது. மேலே எங்கோ மழை கொட்டிவிட்டது. கொக்கோ போலக் கலங்கிய நீர் டயரில் அடித்தது. கால்வாயை விட்ட இடத்திலிருந்து பிடித்தேன். அள்ளினேன், திரும்பினேன், கொட்டினேன். கொட்டிய கல்லெல்லாம் தோட்டத்தின் பக்கம் குவிந்தது. அங்கே ஊரே நின்று இடைவெளிகளில் வில்லோ மரக் கிளைகளைத் திணித்து, சிறு கல்லால் அடைத்தது. தோன் செனோன் தன்னைவிடப் பெரிய கற்களோடு மல்லுக்கட்டினார். பழத்தையாவது பறித்துக்கொள்ளும்படி யாரோ சொன்னதற்கு, "மரம் நின்னா பழம் நிக்கும்" என்று கத்தினார்.

அடிக்கடி கீழே காதைக் கொடுத்துக் கேட்டேன். கீச்சொலி வரவில்லை.

கால்வாய்க்கும் ஆற்றுக்கும் நடுவே கடைசியாக ஒரு சரளை வரப்பு மட்டும் மிஞ்சியது. அதை வெட்டும் முன் தோட்டத்தின் வேலியோரம் இன்னொரு பெரிய துண்டு சரிந்தது. மூன்றாவது வரிசையில் பாதியும், வேலியும், வாசல் கேட்டும் போயின. கேட் நிமிர்ந்தபடியே கொஞ்ச தூரம் மிதந்து போனது, யாரோ திறந்து வரப்போவது போல.

வரப்பில் வாளியை ஊன்றி இழுத்தேன். ஒரு முறை. இன்னொரு முறை. தண்ணீர் விரல் அகலத்தில் நுழைந்து, முதலில் எந்தப் பக்கம் போவது என்று தெரியாத மாதிரி சுழன்றது. பிறகு தன் பழைய தடத்தைக் கண்டுகொண்டது. வரப்பின் மீதியைத் தானே அடித்துக்கொண்டு போயிற்று. பாஞ்சாவைப் பின்னால் எடுக்க எனக்குத்தான் நேரம் குறைவாக இருந்தது.

வெளிச்சம் இருக்கும்போதே வெள்ளம் வந்தது. பெரிய வெள்ளம்தான். எங்கள் கல்மேட்டின் அடியை நக்கிப் பார்த்தது, இரண்டு கிளையைப் பிடுங்கியது. பெரும்பகுதி பழைய தடத்திலேயே உருண்டு போனது. நாலாவது வரிசை நின்றது.

மேட்டில் பாஞ்சாவை நிறுத்தி, கையையும் வாளியையும் ஊன்றி, எஞ்சினை அணைத்தேன். லியோக்கா எங்கிருந்தோ ஒரு குடம் சிச்சா கொண்டுவந்திருந்தாள். கிண்ணம் சுற்றி வந்து தோன் செனோனின் கையில் நின்றது. வழக்கப்படி முதலில் மண்ணுக்குச் சில துளி விட்டார். பிறகு கிண்ணத்தோடு பாஞ்சாவின் முன்னால் போய் நின்று, என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"டயருக்கு மட்டும்?"

"டயருக்கு மட்டும்" என்றேன்.

"அதைத் தாண்டிப் போனீங்க, அந்தப் பீப்பாயில உங்களைத்தான் ஊற வெப்பேன்" என்றாள் லியோக்கா. "ஆயில் வாடை போகணும்ல? ஈஸ்டருக்கு மொதக் கிண்ணமும் உங்களுக்குத்தான். குடிச்சுட்டு உங்க கை இறங்குதா பாப்போம்."

டயருக்கு வார்த்தார். வார்த்துவிட்டுச் சட்டைப் பையில் கையை விட்டு, ஒரு பித்தளைப் பூட்டையும் சாவியையும் எடுத்தார். தோட்டத்துக் கேட்டின் பூட்டு. காலையில் திறந்தபோது பையில் போட்டிருக்கிறார்.

"கேட்டு போயிருச்சு" என்றார். "பூட்டு சும்மாதானே கிடக்கு."

அவரே போய் ஆயில் தொட்டி மூடியின் ஓட்டையில் அதை மாட்டி அழுத்தினார். கிளிக் என்றது. இழுத்துப் பார்த்தார். பிறகு சாவியை என் கையில் வைத்து என் விரல்களை மடக்கினார்.

"நானே வந்து கேட்டாலும் கொடுக்காதீங்க கொமாத்ரே."